வேலிக்கு முட்டுக் கொடுத்த எலும்பு

1949 டிசம்பர் தொடக்கத்தில் லண்டன் நாட்டிங் ஹில் பகுதியில், 10 ரில்லிங்டன் பிளேஸ் என்ற வீட்டின் கொல்லையில் போலீஸார் தேடுதல் நடத்தினார்கள். மூன்று அடுக்கு வீடு. சந்தின் கடைசி வீடு. கொல்லையில் செடிகொடி படர்வதற்காக நட்டிருந்த மரச்சட்டம் சாயாமல் இருக்க, அதற்கு எதையோ முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். அது மனிதத் தொடை எலும்பு. அந்தக் கொல்லை மண்ணுக்குள் இரண்டு பெண்களின் எலும்புக்கூடுகள் கிடந்தன. போலீஸார் வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். எலும்பு அங்கேயே நின்றது.

அந்த எலும்பை யாராவது ஒருவர் குனிந்து பார்த்திருந்தால் திமோதி எவன்ஸ் என்ற இருபத்தைந்து வயது வேன் ஓட்டுநர் தூக்கில் தொங்கியிருக்க மாட்டார். பின்னால் கொல்லப்பட்ட நான்கு பெண்களும் உயிரோடு இருந்திருப்பார்கள்.

எவன்ஸ் வேல்ஸ் நாட்டின் மெர்த்தர் வேல் என்ற சுரங்க ஊரில் 1924இல் பிறந்தவர். சிறுவயதில் வலது காலில் வந்த காசநோய்ப் புண் ஆறவே இல்லை. மருத்துவமனையிலேயே பல காலம் கழிந்ததால் பள்ளிப் படிப்பு ஏறவில்லை. தன் பெயரைத் தாண்டி எழுதவோ படிக்கவோ தெரியாது. மனவளர்ச்சி பத்துப் பதினோரு வயதுப் பையனுக்கு உரியது என்று பிற்பாடு மதிப்பிட்டார்கள். இல்லாததைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பழக்கமும் உண்டு. 1947இல் பெரில் என்ற பெண்ணை மணந்தார். 1948இல் இருவரும் அந்த வீட்டின் மேல்தளத்துக்குக் குடிவந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ஜெரால்டின் என்ற பெண் குழந்தை பிறந்தது.

கீழ்த்தளத்தில் இருந்தவர் ஜான் ரெஜினால்ட் ஹாலிடே கிறிஸ்டி. ஐம்பது வயது, வழுக்கைத் தலை, கண்ணாடி, மெதுவான பேச்சு. முதல் உலகப் போரில் விஷவாயுவால் தாக்கப்பட்டவர். இரண்டாம் போரின்போது ரிசர்வ் கான்ஸ்டபிளாக வேலை பார்த்தவர். திருட்டுக்காகவும், ஒரு பெண்ணைக் கிரிக்கெட் மட்டையால் தலையில் அடித்ததற்காகவும் சிறை போனவர் என்பது அதற்கு முந்தைய கதை. அந்தப் பழைய பதிவு தெரிந்திருந்தும் போலீஸில் சேர்த்தார்களா, பார்க்காமலே சேர்த்தார்களா என்பதைவிட முக்கியமானது ஒன்று: 1949இல் விசாரிக்க வந்தவர்களுக்கு கிறிஸ்டி பழைய சகா. எவன்ஸ் வாய்க்கு வந்ததைப் பேசும் படிப்பில்லாத ஆள். யார் பேச்சு எடுபட்டது என்பதில் இந்த வழக்கின் பாதி அடங்கியிருக்கிறது.

1949 இலையுதிர் காலத்தில் பெரில் மறுபடியும் கர்ப்பமானார். வருமானம் போதவில்லை, கடன், தினமும் சண்டை. கருவைக் கலைத்துவிட வழி தேடினார். அப்போது பிரிட்டனில் கருக்கலைப்பு சட்டவிரோதம். நவம்பர் 8ஆம் தேதிக்குப் பிறகு பெரிலை யாரும் உயிரோடு பார்க்கவில்லை. 14ஆம் தேதி எவன்ஸ் வீட்டுச் சாமான்களை விற்றுவிட்டு, அன்றிரவே வேல்ஸுக்கு, மாமா அத்தை வீட்டுக்குப் போய்விட்டார். 30ஆம் தேதி மெர்த்தர் டிட்வில் காவல் நிலையத்துக்குத் தாமாகவே நடந்து போய், மனைவியின் உடலைச் சாக்கடையில் போட்டுவிட்டதாகச் சொன்னார்.

யாரும் அவரைத் தேடவில்லை, பிடித்து வரவும் இல்லை. தாமாகவே வந்தவர் சொன்ன முதல் கதை இது: வழியில் ஒரு டீக்கடையில் யாரோ ஒருவர் கருக்கலைக்க ஒரு மருந்துக் குப்பி கொடுத்தார், பெரில் அதைக் குடித்து இறந்துவிட்டாள், பயந்துபோய் வாசலிலிருந்த சாக்கடைக் குழிக்குள் போட்டேன். லண்டன் போலீஸார் அந்த மூடியைத் தூக்கிப் பார்த்தார்கள். மூன்று பேர் சேர்ந்து தூக்க வேண்டியிருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

இதைச் சொன்னதும் எவன்ஸ் கதையை மாற்றினார். கிறிஸ்டியைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னேன் என்றார். தனக்குக் கொஞ்சம் மருத்துவம் தெரியும், கருவைக் கலைத்துவிடுகிறேன் என்று கிறிஸ்டி சொன்னாராம். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது பெரில் இறந்து கிடந்தாளாம். வெளியே தெரிந்தால் இரண்டு பேரும் மாட்டிக்கொள்வோம், உடலைச் சாக்கடையில் போட்டுவிடுகிறேன், குழந்தையைக் கிழக்கு ஆக்டனில் தெரிந்த ஒரு தம்பதியிடம் வளர்க்கக் கொடுத்துவிடுகிறேன், நீ ஊரைவிட்டுப் போ என்று கிறிஸ்டி சொன்னதாக வாக்குமூலம். நடுவில் ஒருமுறை லண்டனுக்கு வந்து குழந்தையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டதாகவும், இப்போது வேண்டாம் என்று கிறிஸ்டி திருப்பி அனுப்பியதாகவும் சொன்னார்.

இந்த இடத்தில் வாசகர் கொஞ்சம் நிற்க வேண்டும். மனைவியைக் கொன்று இன்ன இடத்தில் ஒளித்த ஒருவர், தானே சரணடைய வந்து, தப்பான இடத்தைச் சொல்லி, அது பொய் என்று அம்பலமானதும் திகைத்துப் போய் நிற்பாரா? எவன்ஸின் இரண்டு கதைகளிலும் உடல் சாக்கடையில்தான் இருந்தது. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்று எடுத்துக்கொண்டால் எல்லாம் பொருந்துகிறது. குழந்தை உயிரோடு இருப்பதாகத்தான் இரண்டு கதையிலும் பேசினார்.

டிசம்பர் 2ஆம் தேதி போலீஸார் கொல்லைப்புறத்து சலவை அறையைத் திறந்தார்கள். ஏறத்தாழ நாலரை அடிச் சதுரம், ஒரு ஆள் கை விரித்தால் இரு சுவரும் தட்டும். தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே மரத்துண்டுகள் அடுக்கியிருந்தன. அதற்குப் பின்னால் பச்சை மேஜை விரிப்பில் சுற்றிக் கயிற்றால் கட்டிய பெரிலின் உடல். கதவுக்குப் பின்னால், விறகுக்கு அடியில், பதின்மூன்று மாதக் குழந்தை ஜெரால்டின். கழுத்தில் ஒரு ஆண் அணியும் டை இறுக்கியபடியே இருந்தது. இருவருமே கழுத்து நெரிக்கப்பட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். பெரிலின் முகத்தில் அடிபட்ட வீக்கம் இருந்தது, அந்தரங்க உறுப்பிலும் காயம் இருந்தது. பாலியல் தாக்குதல் நடந்ததா என்று அறிய மாதிரி எடுத்துச் சோதிக்கவில்லை. கிறிஸ்டியின் பிற்காலக் குற்றங்களை அறிந்தவர்களுக்கு அந்தச் சோதனை எவ்வளவு பெரிய சாட்சியாக இருந்திருக்கும் என்று விளங்கும்.

அன்றிரவே எவன்ஸை ரயிலில் லண்டனுக்குக் கொண்டு வந்தார்கள். நாட்டிங் ஹில் காவல் நிலையத்தில் தலைமை இன்ஸ்பெக்டர் ஜென்னிங்ஸ் அவர் முன்னால் பெரிலின் துணிகளையும், குழந்தையின் துணிகளையும், அந்த டையையும் வைத்தார். எந்த இடத்தில் உடல்கள் கிடைத்தன, எப்படி மூடி வைத்திருந்தது, எப்படிக் கொல்லப்பட்டார்கள் என்பதையும் சொன்னார். குழந்தை இறந்துவிட்டது என்பது எவன்ஸுக்கு அங்கேதான் தெரிந்தது என்பது அவர் தரப்பு. இதற்குப் பிறகுதான் ஒப்புதல் வாக்குமூலம் வருகிறது. கடன்மேல் கடன் வாங்கினாள், தாங்க முடியவில்லை, கயிற்றால் நெரித்தேன். இரண்டு நாள் கழித்துக் குழந்தையையும் நெரித்தேன். சலவை அறையில் வைத்து மரத்துண்டுகளால் மறைத்தேன்.

வாக்குமூலத்தில் இடம், மேஜை விரிப்பு, கயிறு, மரத்துண்டு என்று எல்லாமே சரியாக இருந்தன. கொலையாளிக்கு மட்டும் தெரிந்திருக்கக்கூடிய விவரம் என்று அரசுத் தரப்பு காட்டியவை, அந்த மேஜையில் உட்கார்ந்திருந்த போலீஸாருக்கும் தெரிந்தவைதான். போலீஸாருக்குத் தெரியாத, பின்னால் சரிபார்த்து உண்மை என்று உறுதிப்பட்ட புது விவரம் ஒன்றாவது அதில் இருக்கிறதா என்று எத்தனை முறை தேடினாலும் எனக்குக் கிடைக்கவில்லை. பேசாவிட்டால் கீழே கொண்டுபோய் அடிப்பார்கள் என்று பயந்தேன், குழந்தையும் போன பிறகு வாழ எனக்கு என்ன இருக்கிறது என்று எவன்ஸ் கோர்ட்டில் சொன்னார்.

நம் நாட்டுச் சாட்சியச் சட்டத்தை 1872இல் எழுதியவர்கள் இதே ஆங்கிலேயர்கள்தான். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலைக் கொடுத்தவருக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது என்று அதன் 25ஆம் பிரிவு சொன்னது. இன்றைய சாட்சியச் சட்டத்திலும் அது தொடர்கிறது. இதே வாக்குமூலம் மதராஸில் ஒரு காவல் நிலையத்தில் எழுதப்பட்டிருந்தால் ஜூரியின் காதுக்கே போயிருக்காது. இந்தியப் போலீஸ்காரனை நம்பாத ஆங்கிலச் சட்டம், தன் ஊர்ப் போலீஸ்காரனை நம்பியது. தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் நம் ஊரில் அந்தக் காப்பை நீக்கியபோது என்ன நடந்தது என்று தமிழ் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இனி அந்த சலவை அறைக்குத் திரும்பி வருகிறேன். என் பார்வையில் வழக்கின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

அக்டோபர் கடைசி நாளிலிருந்து அந்த வீட்டில் மராமத்து வேலை நடந்துகொண்டிருந்தது. கொத்தனார், பூச்சு வேலைக்காரர், உதவியாள், தச்சர் என்று ஆட்கள் தினமும் வந்து போனார்கள். தங்கள் கருவிகளை அவர்கள் வைத்து எடுத்த இடம் அந்த சலவை அறை. எவன்ஸின் வாக்குமூலப்படி பெரிலின் உடல் 8ஆம் தேதி இரவு அங்கே போகிறது, குழந்தையின் உடல் 10ஆம் தேதி இரவு. ஆனால் அந்த நாட்களில் எல்லாம் வேலையாட்கள் அறைக்குள் போய் வந்தார்கள். 11ஆம் தேதி, வேலை முடிந்த நாளில், உதவியாள் அந்த அறையைப் பெருக்கிச் சுத்தம் செய்துவிட்டுப் போனார். உடல் எதையும் பார்க்கவில்லை என்றுதான் போலீஸாரிடம் முதலில் சொன்னார்கள். நாலரை அடி அறையில் ஒரு உடலை மூன்று நாளும் இன்னொன்றைக் கடைசி நாளிலும் பார்க்காமல் ஒரு ஆள் கருவி எடுத்து வைத்திருக்க முடியாது.

மரத்துண்டு விஷயம் இன்னும் நெருக்கமானது. வீட்டின் நடைபாதையில் உளுத்துப்போன தரைப் பலகைகளைத் தச்சர் பெயர்த்தது 11ஆம் தேதி. அவற்றை விறகுக்காக கிறிஸ்டியிடம் கொடுத்தது 14ஆம் தேதி. உடல்களை மறைத்த மரத்துண்டுகள் அந்தப் பலகைகள்தான் என்றால், 8ஆம் தேதி இரவு எவன்ஸ் அவற்றை எங்கிருந்து எடுத்தார்? தச்சர் இன்னும் தரையைப் பெயர்க்கவே இல்லையே.

நேர்மையான விசாரணை என்றால் இங்கே போலீஸார் வாக்குமூலத்தைக் கீழே வைத்துவிட்டு வேலையாட்கள் சொன்னதை எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். நடந்தது தலைகீழ். வேலையாட்களை மறுபடியும் காவல் நிலையத்துக்கு அழைத்தார்கள். முதலில் சொன்னது நிச்சயமா, சரியாகப் பார்த்தீர்களா என்று மணிக்கணக்கில் கேட்டு, வாக்குமூலத்துக்கு ஒத்துப்போகிற மாதிரி இரண்டாவது வாக்குமூலம் வாங்கினார்கள். யார் எந்த நாளில் என்ன வேலை செய்தார் என்று காட்டும் நேரச்சீட்டுகளைப் போலீஸார் வாங்கிப் போனார்கள். அவை திரும்பி வரவில்லை. வேலையாட்களை அரசுத் தரப்பு சாட்சிக் கூண்டில் ஏற்றவே இல்லை. அவர்கள் முதலில் சொன்னது எவன்ஸின் வக்கீலுக்குத் தெரிவிக்கப்படவும் இல்லை.

1950 ஜனவரி 11 முதல் 13 வரை லண்டனின் ஓல்ட் பெய்லி குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. குழந்தையைக் கொன்ற குற்றத்துக்கு மட்டும் விசாரித்தார்கள். மனைவி என்றால் சண்டை, ஆத்திரம் என்று ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். குழந்தைக்கு அது எடுபடாது. அரசுத் தரப்பின் முக்கியச் சாட்சி கிறிஸ்டி. முதுகுவலியால் நிற்க முடியவில்லை என்று உட்காரும் சலுகை பெற்று, ஜூரிக்கே கேட்காத மெல்லிய குரலில் சாட்சி சொன்னார். எவன்ஸின் வக்கீல் மால்கம் மாரிஸ், கிறிஸ்டியின் பழைய சிறைத் தண்டனைகளைக் கொண்டுவந்தார். அதற்குப் பின் பல வருடம் ஒழுங்காக வாழ்ந்திருக்கிறாரே என்று அரசுத் தரப்பு அதையும் ஒரு நற்சான்று ஆக்கிக்கொண்டது. கிறிஸ்டி எதற்காகக் கொல்ல வேண்டும் என்று கேட்டபோது மாரிஸிடம் பதில் இல்லை. பதில் கொல்லை மண்ணுக்குள் புதைந்திருந்தது.

ஜூரி நாற்பது நிமிடத்தில் குற்றவாளி என்றது. தீர்ப்பைக் கேட்டு கிறிஸ்டி அழுதார். மார்ச் 9ஆம் தேதி பென்டன்வில் சிறையில் எவன்ஸைத் தூக்கிலிட்டார்கள். பார்க்க வந்த தாயிடம், நான் செய்யவில்லை அம்மா, கிறிஸ்டிதான் செய்தான் என்று சொல்லியிருந்தார். கடைசிவரை அதை மாற்றவில்லை.

மூன்று வருடம் கழித்து, 1953 மார்ச்சில், கிறிஸ்டி வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனார். மேல்தளத்துக் குடித்தனக்காரர் ஒருவர் காலியான அந்தச் சமையலறையில் ரேடியோ வைக்க ஒரு தாங்கி அடிக்க வேண்டும் என்று சுவரைத் தட்டிப் பார்த்தார். ஒரு இடம் பொள்ளலாகக் கேட்டது. ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழித்துவிட்டு டார்ச் அடித்தார். உள்ளே ஒரு பெண்ணின் முதுகு. அந்த மாடத்தில் மூன்று பெண்களின் உடல்கள், முன்னறைத் தரைப் பலகைக்கு அடியில் கிறிஸ்டியின் மனைவி ஈத்தல், கொல்லையில் 1943, 1944ஆம் ஆண்டுகளில் கொன்று புதைத்த இரண்டு பெண்களின் எலும்புகள். அப்போதுதான் வேலியின் முட்டு எலும்பும் கண்ணில் பட்டது. அந்தக் கொல்லையில் கிடந்த மண்டை ஓடு ஒன்றை கிறிஸ்டியின் நாய் தோண்டி எடுத்திருக்கிறது. அதை கிறிஸ்டி குண்டுவீச்சில் இடிந்த வீட்டுக்குள் வீசிவிட, விளையாடப் போன பிள்ளைகள் கண்டெடுத்தார்கள். விமானத் தாக்குதலில் செத்தவருடையது என்று முடிவு கட்டி அதையும் மூடிவிட்டார்கள்.

மார்ச் 31ஆம் தேதி பிடிபட்ட கிறிஸ்டி, பெரிலைக் கொன்றதும் நான்தான் என்று ஒப்புக்கொண்டார். குழந்தையைப் பற்றி ஒப்புக்கொள்ளவில்லை. ஜூலை 15ஆம் தேதி தூக்கு.

ஒரே வீட்டில், ஒருவரையொருவர் அறியாமல், பெண்களைக் கழுத்து நெரித்துக் கொல்லும் இரண்டு பேர் குடியிருந்தார்கள், அதில் ஒருவன் மற்றவன்மேல் பொய்யாகச் சொன்ன பழி தற்செயலாக அந்த மற்றவனின் உண்மையான குணத்தோடு பொருந்திவிட்டது என்று நம்பினால்தான் 1950 தீர்ப்பு நிற்கும். கிறிஸ்டியின் ஒப்புதலுக்குப் பின் இதை விசாரிக்க அரசு நியமித்த வக்கீல் ஸ்காட் ஹென்டர்சன் அதைத்தான் நம்பினார். ரகசியமாக நடந்த, ஏறத்தாழ ஒரு வாரத்தில் முடிந்த விசாரணையில், இரண்டு கொலையும் எவன்ஸ் செய்தவை, கிறிஸ்டியின் ஒப்புதல் பொய் என்று அறிக்கை தந்தார். கிறிஸ்டி தூக்கிலேறுவதற்கு முந்தின நாள் அறிக்கை வெளியானது.

எவன்ஸுக்கு எதிரான விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். வேல்ஸில் எல்லோரிடமும் பொய் சொன்னார். இறந்த மனைவியின் மோதிரத்தை விற்றார். மனைவியை அடித்ததற்குச் சாட்சி இருந்தது. கிறிஸ்டி மற்ற பெண்களில் சிலருக்கு வாயு கொடுத்து மயக்கினார். பெரிலின் உடலை 1953இல் தோண்டிச் சோதித்தபோது அதற்கான அடையாளம் கிடைக்கவில்லை. இவற்றை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் பொய் சொன்னதற்காகவோ மோதிரம் விற்றதற்காகவோ அவரைத் தூக்கிலிடவில்லை. தூக்கிலிட்டது அந்தக் குழந்தைக்காக.

1950இல் கருணை மனுவை நிராகரித்த உள்துறை அமைச்சர் சட்டர் ஈட், தவறு நடந்துவிட்டது என்று 1955இல் நாடாளுமன்றத்தில் எழுந்து சொன்னார். தான் கையெழுத்துப் போட்ட மரணத்தைத் தவறு என்று சபையில் சொல்ல ஒரு மனிதருக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! டார்லிங்டன் நகரத்து ‘நார்தர்ன் எக்கோ’ நாளிதழ் 1965இல் தொடர்ந்து எழுதியதால் மறு விசாரணை வந்தது. நீதிபதி டேனியல் பிராபின் 1966 அக்டோபரில் தந்த அறிக்கை விசித்திரமானது. எவன்ஸ் மனைவியைக் கொன்றிருக்கத்தான் வாய்ப்பு அதிகம், குழந்தையைக் கொல்லவில்லை என்றார். கிறிஸ்டி எதை ஒப்புக்கொண்டாரோ அதை எவன்ஸ் தலையில் வைத்தார். எதை மறுத்தாரோ அதை கிறிஸ்டியிடம் கொடுத்தார். தண்டனை குழந்தைக்காக என்பதால் அக்டோபர் 18ஆம் தேதி அரச மன்னிப்பு கிடைத்தது. சிறை வளாகத்தில் புதைத்திருந்த உடலை முந்தின ஆண்டே குடும்பத்தாரிடம் கொடுத்து, லெய்டன்ஸ்டோன் கத்தோலிக்கக் கல்லறையில் அடக்கம் செய்ய விட்டிருந்தார்கள். கொலைக்கு மரண தண்டனையை பிரிட்டன் 1965இல் நிறுத்திவைக்க இந்த வழக்கும் ஒரு காரணம்.

மன்னிப்பு என்பது தீர்ப்பை அழிப்பதல்ல. செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு எதற்கு என்றுதான் குடும்பம் கேட்டது. 2003இல் எவன்ஸின் உடன்பிறந்தோருக்கு இழப்பீடு கொடுத்தார்கள். தண்டனை தவறானது என்று அப்போது அரசு சார்பில் மதிப்பிட்டவர் எழுதினார். தீர்ப்பை முறைப்படி ரத்து செய்ய வழக்கை மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 2004 நவம்பரில் உயர் நீதிமன்றத்தில் கேட்டார்கள். எவன்ஸ் மனைவியையும் கொல்லவில்லை, குழந்தையையும் கொல்லவில்லை என்பதை நீதிபதிகள் ஏற்றார்கள். ஆனால் மன்னிப்பும் இழப்பீடும் கிடைத்துவிட்டன, இனி அந்தச் செலவு தேவையில்லை என்று மனுவைத் தள்ளினார்கள். ரில்லிங்டன் பிளேஸின் பெயரை மாற்றினார்கள், பின்னர் அந்தத் தெருவையே இடித்துவிட்டார்கள். 1950 ஜனவரி 13ஆம் தேதியிட்ட தண்டனை மட்டும் ரத்தாகாமல் இருக்கிறது.